துரை பத்து, சந்தை பன்னிரண்டு

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அவர்களே, உடைந்த ஸ்பேனர் எந்த நாட்டில் செய்தது என்று ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லி, ஒரு தாளையும் உங்கள் பேனாவையும் கொடுத்துவிட்டுக் கீழே போயிருக்கிறீர்கள். பேனா வழுக்கிக்கொண்டு எழுதுகிறது. தாள்தான் போதாது. இந்த அறை அலமாரியில் பழைய கேட் பாஸ் கட்டு ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். குறையாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் அப்படிக் கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கைக்கருவி எந்த நாட்டில் செய்தது என்பது முக்கியமா இல்லையா என்று இந்தத் தொழிற்சாலையில் எல்லாரும் வாய் வலிக்கப் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேர் அதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமலே இருந்திருக்கிறார்கள். கண்டுபிடித்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதினால்தான் உங்களுக்கும் பிரயோஜனம்.

என்னை எல்லாரும் ஸ்டோர் அக்கா என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த ஃபோர்மேன்கூட வாய் தவறி இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். பிஸ்கட் தொழிற்சாலையில் டூல் ரூம் என்பது பெரிய ராஜ்ஜியம் இல்லை. கையை விரித்தால் இரண்டு பக்கமும் அலமாரி இடிக்கும். ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு பலகை, பின்சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கருவி. ஃபிட்டர்களிடம் தலைக்கு ஐந்து பித்தளை டோக்கன் இருக்கும். டோக்கனைக் கொடுத்தால் கருவியைக் கொடுப்பேன். கருவி தொங்கிய ஆணியில் டோக்கன் தொங்கும். சாயங்காலம் சுவரைப் பார்த்தாலே யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பதிவேடு அதற்கு மேல் ஒரு காப்பு. எனக்கு எழுத்து கோணாது. அதை நீங்களே பார்த்துவிட்டு, "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று சொன்னீர்கள். நன்றி.

நாடுகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அரசியலாகிவிடும், நமக்கு எதற்கு வம்பு. உங்களுக்கு வேண்டிய பெயர் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்குள் வழங்கும் பெயர்களைச் சொல்கிறேன். ஒரு நாட்டுச் சாமான் மெத்தென்ற பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளத்தில் படுத்துக்கொண்டு வரும். அது துரை. இன்னொரு நாட்டுச் சாமான் கோணியில் கொட்டிக் கட்டி வரும். அது சந்தை. கொள்முதல் பிரிவுக்கு எந்த மாதம் எப்படித் தோன்றுகிறதோ அந்த மாதம் அது வரும்.

ஃபோர்மேன் துரைக் கட்சி. "கையில எடுத்தாலே தெரியும்மா. கனமே தனி" என்பார். எதிர்க்கட்சிக்கு ஒரே தலைவன், ஏணி என்று பெயர் விழுந்த ஃபிட்டர். ஆள் ஆறடிக்கு மேலே இருப்பான். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், சிரித்தால் ஈறு தெரியும். என் ஜன்னலில் நிற்க அவன் பாதி மடிய வேண்டும். மடிந்துகொண்டே சொல்வான்: "இரும்புக்கு ஏதுக்கா பாஸ்போர்ட்டு? எவன் கையில இருக்குங்கறதுதான் விஷயம்."

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரும் இங்கேதான் ஃபிட்டராக இருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அடுப்புப் பிரிவில் சங்கிலி நின்றுவிட்டது. உள்ளே பிஸ்கட் கருகிக்கொண்டிருக்கிறது, வெளியே நாலு மேனேஜர் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு போல்ட்டு கழலவில்லை. இருபத்து நாலாம் சைஸ் ஸ்பேனரைப் போட்டு இழுத்திருக்கிறார். ஸ்பேனர் இரண்டாகப் போனது. இவர் படியிலிருந்து மல்லாக்க சிமென்ட் தரையில் விழுந்தார். இடுப்பு எலும்பு. ஏழு மாதம் படுக்கை, பிறகு தடி, பிறகு வீட்டோடு.

அது சந்தை ஸ்பேனர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினியர் எழுதிய அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் "தவறான பயன்பாடு" என்று இருந்தது. ஸ்பேனர் கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி இழுத்தாராம். அப்படிச் செய்தால் எந்த ஸ்பேனரும் தாங்காதாம். கட்டிலில் படுத்திருந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது பேக்கிங் பிரிவில் இருந்த எனக்கு இரக்கப்பட்டு இந்த டூல் ரூம் வேலையைக் கொடுத்தார்கள். முதல் நாள் உள்ளே வந்து பார்க்கிறேன், சுவர் முழுக்க ஸ்பேனர். என்னமோ எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. இதை எழுதியிருக்க வேண்டாம்; இருக்கட்டும்.

இருபத்தாறு வருஷம் கருவி பிடித்தவர் அவர். தவறான பயன்பாடு என்ற இரண்டு வார்த்தையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாராவது கெட்டுப்போன மின்விசிறியைக் கொண்டுவந்தால் பிரித்துப் பார்ப்பார். மற்ற நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பார். பேசுவது குறைந்துவிட்டது. கருவி மட்டமானது, மனிதர் மட்டமில்லை என்று யாராவது ஒருவர் எழுதியிருந்தால் அவர் வேறு மாதிரி இருந்திருப்பார். எழுதுவதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? ஆதாரத்தைத்தான் நான் சேர்க்க ஆரம்பித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால்.

செய்தது ரொம்பச் சுலபம். எல்லாக் கருவிக்கும் கம்பெனி எண் அடித்தால் திருட்டுப் போகாது என்று இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல யோசனைக்கா" என்றார். பிறகு சாணைச் சக்கரத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் இருந்த நாட்டுப் பெயரைத் தேய்த்து எடுத்தேன். கைப்பிடிக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பெயின்ட். அதன் மேல் எண். ஒற்றைப்படை என்றால் துரை, இரட்டைப்படை என்றால் சந்தை. இது என் ஒருத்திக்குத்தான் தெரியும். ஃபோர்மேனே ஒரு சந்தை ஸ்பேனரைக் கையில் தூக்கிப் பார்த்து, "பாரு, துரை துரைதான்" என்று உச்சுக்கொட்டினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவது போலப் பாவனை செய்தேன்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்று நானே தீர்மானித்தால் ஓரவஞ்சனை வந்துவிடும். அதனால் ஒரு சோடா மூடியைப் பலகைக்குக் கீழே சுண்டுவேன். பல் பக்கம் விழுந்தால் ஒற்றை, மொட்டைப் பக்கம் விழுந்தால் இரட்டை. உடைந்தால் எண், தேதி, வேலை, எப்படி உடைந்தது, எல்லாம் ஒரு தனி நோட்டில். இவ்வளவு நேர்மையாக இந்தத் தொழிற்சாலையில் வேறு எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நேர்மைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பெயரைத் தேய்க்கும்போது ஒரு துரைச் சுத்தியலின் தலையில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. பார்த்ததும் குப்பையில் போட்டிருக்கலாம். போட்டால் அது துரைக்குச் செய்த சலுகை ஆகிவிடும். எண் அடித்து ஆணியில் மாட்டினேன். ஒன்பது வாரம் கழித்து அதிலிருந்து ஒரு சில்லு பறந்து, தடித்த கண்ணாடி போடுவதால் புட்டி என்று நாங்கள் கூப்பிடும் ஃபிட்டரின் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி தெறித்துப்போனது, கண் தப்பியது. முதலுதவிப் பெட்டி என் அறையில்தான் இருக்கிறது. ஒரு கையால் பஞ்சு வைத்தேன், இன்னொரு கையால் எண்ணைக் குறித்தேன். "அக்கா இருக்கறதால தப்பிச்சேன்" என்றான் பாவம்.

இருபத்தாறு மாதம். கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். உடைந்ததில் துரை பத்து, சந்தை ஒன்பது.

மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலாகக் கூட்டினேன். அதேதான்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எப்படி உடைந்தது என்ற பத்தியில் என் கையெழுத்தில் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் வந்திருந்தது. பைப் போட்டு இழுத்தது. சுத்தியலால் ஸ்பேனரை அடித்தது. ஸ்க்ரூ டிரைவரை உளியாக வைத்து அடித்தது. பத்தொன்பதில் பதினாறு அப்படி. ஏணி மாதிரி ஒழுங்காகப் பிடிக்கிற ஆள் கையில் அத்தனை மாதத்தில் ஒன்றுகூட உடையவில்லை. எந்த நாடாக இருந்தாலும்.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது விஷயம் பிடிபட்டது. நான் சோதித்தது இப்போது வருகிற சந்தைச் சாமானை. அவர் விழுந்தது எட்டு வருஷத்துக்கு முந்தைய சந்தைச் சாமானால். இடையில் அந்த நாட்டுக்காரர்கள் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மக்காக இருந்த பிள்ளை பெரிய வகுப்பில் தேறுவதில்லையா, அப்படி. ஆகவே என் சோதனையில் பிழை இல்லை, சாமானில்தான் பிழை. அது இருக்க வேண்டியதைவிட நன்றாக இருந்தது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

அதை எப்படிச் செய்வது என்று எனக்கு வீட்டில்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன். "இரும்பைக் காய்ச்சினா கெட்டியாகுமா, இளகுமா?"

அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படி ஆறுதுங்கறதுல இருக்கு. செக்கச்செவேல்னு காய்ச்சி மெதுவா ஆறவிட்டா இளகிடும். அதே சூட்டுல தண்ணியில முக்கினா கண்ணாடி. பார்க்கக் கெட்டியா, கம்பீரமா இருக்கும். வேலைக்கு எடுத்தா டிக்குன்னு போயிடும்."

"அப்புறம் ஸ்பேனரெல்லாம் எப்படிச் செய்யறாங்க?"

"முக்கினதை மறுபடி லேசாக் காய்ச்சிப் பதம் பண்ணுவாங்க. அந்த ரெண்டாவது சூடுதான் உசுரு. அதைப் பொறுமையாக் குடுத்தவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் அது நல்ல ஸ்பேனர். அவசரப்பட்டவன் எவனா இருந்தாலும் அது குப்பை."

பக்கத்தில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் இடது கையால் படம் வேறு போட்டுக் காட்டினார். இவ்வளவு சூடு, இவ்வளவு நேரம், இன்ன நிறம். எட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. நான் அவருக்காகச் செய்கிற காரியம் இப்போதே அவருக்கு நல்லது செய்ய ஆரம்பித்துவிட்டது என்று தோன்றியது.

பைப் லைன் பிரிவிலிருந்து கேஸ் டார்ச்சை இரவல் வாங்கினேன். டூல் ரூமுக்குப் பின்னால் காலி டின்கள் அடுக்கிய முற்றம் இருக்கிறதே, அங்கேதான், சாப்பாட்டு இடைவேளையில். பட்டப்பகல். இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுக்கூடப் போனார்கள். சில இரட்டைப்படை ஸ்பேனர்களை எடுத்து, வாய்ப்பக்கத்தைச் சிவக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் முக்கினேன். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிறம் மாறிய இடமெல்லாம் மறையும்படி கறுப்புப் பெயின்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி அடித்து, எண்ணெய் துடைத்து மாட்டினேன். இரண்டாவது சூட்டைக் கொடுக்கவில்லை. சந்தைக்காரர்கள் அந்தக் காலத்தில் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

முதலில் உடைந்தது இருபத்தாறாம் எண். புட்டிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. விரல் முட்டி தோல் போனது. துரை பத்து, சந்தை பத்து. அடுத்து முப்பதாம் எண், ஃபோர்மேன் கையில். அவர் முகத்துக்கு நேராக வைத்து இழுக்கிற பழக்கம் உள்ளவர். இரண்டு பல் போனது, முன்பல். இப்போது துரை என்று சொன்னால் காற்றுதான் வருகிறது. துரை பத்து, சந்தை பதினொன்று. அவர் ஜன்னலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, "இது சந்தை ஸ்பேனரா இருக்கும்மா" என்றார். எனக்கு அப்படியே அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

இனி நீங்கள் விசாரிக்க வந்த விஷயம்.

புதன்கிழமை டீ நேரத்தில் ஏணி ஜன்னலுக்கு வந்தான். டோக்கன் எதுவும் கொண்டுவரவில்லை. அவன் வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய தின்பண்டத்தில் எனக்கும் ஒரு பங்கு வழக்கமாக வரும், அன்றும் வந்தது. அதைப் பலகையில் வைத்துவிட்டு மடிந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருஷமா மனசுல கிடக்கு."

"சொல்லுப்பா."

"அண்ணன் விழுந்தாருல்ல, அன்னைக்கு நான்தான் பக்கத்துல இருந்தேன். பைப்பை எடுத்துக் குடுத்ததே நான்தான். அவரு வேண்டாம்னாரு. நாலு பேரு நின்னு கத்தறாங்க, நான்தான் போடுங்கண்ணேன்னேன். அறிக்கையில என் பேரு வரலை. அண்ணனும் சொல்லலை." தின்பண்டத்தை என் பக்கம் நகர்த்தினான். "உங்க மூஞ்சியைப் பார்க்கறப்பெல்லாம் உறுத்துது. நான் வேணா எழுதிக் குடுத்துடறேன்க்கா. அவசரப்படுத்தினாங்க, பைப் குடுத்தது நான்னு எழுதிக் குடுத்தா அண்ணன் பேரு கொஞ்சமாச்சும் தெளியும்ல."

"அதெல்லாம் எதுக்குப்பா. விடு" என்றேன்.

"இல்லக்கா, எழுதறேன். வெள்ளிக்கிழமை இன்ஜினியரு லீவு முடிஞ்சு வர்றாரு."

போகும்போது லேசான முகத்தோடு போனான். நல்ல மனசு அவனுக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் எழுதிக் கொடுத்தால் பைப் போட்டார் என்பது கல்லில் எழுதியது போல நிலைத்துவிடும். அதுவரை அது இன்ஜினியர் சொன்ன பேச்சு. பிறகு கண்ணால் பார்த்தவனின் சாட்சி.

இதற்கும் மறுநாள் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்தது தற்செயல். வேலையிடம் என்றால் ஒவ்வொரு நாளும் ஏதாவது நடக்கத்தான் செய்யும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வந்தான்.

"அக்கா, இருபத்து நாலு ஒண்ணு குடுங்க. மாவு கலக்கற மோட்டாரை மாத்தறோம்."

"எங்க, மேலயா?"

"மூணாவது தட்டுல. சும்மா ஒரு நாள் வந்து பாருங்கக்கா, காத்து என்னமா வருது தெரியுமா?"

"கம்பி கட்டியிருக்காங்கல்ல?"

"மூணு பக்கம் இருக்கு. மோட்டாரு ஏத்தறதுக்காக ஒரு பக்கம் சங்கிலியைக் கழட்டி வெச்சிருக்கு."

முப்பத்தெட்டாம் எண்ணைக் கொடுத்தேன். அன்று சோடா மூடியைச் சுண்டவில்லை. ஜன்னலில் கூட்டமாக இருந்தது, அதனால் நேரமில்லை. டோக்கனைப் பலகையில் வைத்துவிட்டு, "மாட்டிடுங்கக்கா, அப்புறம் நான் தொலைச்சேன்னு சொல்லாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பதிவேடு இப்போது உங்களிடம் இருப்பது ஞாபகம் வருகிறது. ஒன்பது மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். ஆகவே கூட்டமாக இருந்தது என்று மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கூட்டம் இல்லை. அவனும் நானும்தான் இருந்தோம்.

பத்தேகாலுக்குச் சத்தம் கேட்டது. மாவு மூட்டை விழுந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நேரத்தைக் குறிக்க வேண்டும் என்பதற்காக. ஸ்பேனர் உடைந்ததும் இழுத்த வேகத்தில் மூன்று எட்டு பின்னால் போயிருக்கிறான், சங்கிலி இல்லாத பக்கம். கால் நீளமல்லவா. மற்றவர்களுக்கு மூன்று எட்டில் விளிம்பு வந்திருக்காது.

சாயங்காலம் வரை இருந்தான். ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போனோம். அவன் வீட்டுக்காரி என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். மறுநாள் அவன் அலமாரியைக் காலி செய்து, சட்டைகளை மடித்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்ததும் நான்தான். இதையெல்லாம் வேறு யார் செய்வார்கள்?

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்து மேலே ஏறிப் பார்த்தார். பைப் எதுவும் இல்லை. சுத்தியல் தடம் இல்லை. ஏணியின் கைப்பக்குவம் பற்றி அவருக்கும் தெரியும். முதல் அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் அவர் கைப்பட எழுதினார்: "கருவியின் தரக்குறைவு." அந்தத் தாளை நகல் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தே போனேன். பஸ்ஸில் கசங்கிவிடும் என்று பயம்.

அவர் ஒரு மின்விசிறியைப் பிரித்து வைத்திருந்தார். தாளை அவர் மடியில் வைத்தேன். "படிங்க. உங்களுக்கு எழுதியிருக்க வேண்டியதை இப்போ எழுதியிருக்காங்க. துரை பத்து, சந்தை பன்னிரண்டு." பிறகு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அவர் தாளைப் படிக்கவில்லை. செய்தித்தாள் ஓரத்தில் அன்று போட்ட படம் மேஜையில்தான் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை காய்ச்சினே?"

"மூணு."

"நான் பைப் போட்டேன்" என்றார். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுமே உங்கிட்டதானே சொன்னேன். பைப் போட்டுட்டேன், என் தப்புதான்னு. நீ தலையை ஆட்டினே."

"அது மருந்து மயக்கத்துல சொன்னது."

"அதுக்கப்புறமும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன். நீ கேட்கலைன்னுதான் பேசறதையே விட்டேன்."

பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே என்று கேட்டேன். கதவைத் திறந்தார். படியில் இறங்குவது அவருக்குக் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவார். பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். முதலில் ஏணியின் வீட்டுக்குப் போனாராம். இன்று காலை கேட்டில் உங்களோடு வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்த தடிக்காரர் அவர்தான். அதற்குப் பிறகுதான் நீங்கள் டூல் ரூமுக்கு வந்து, முப்பத்தெட்டாம் எண்ணின் கறுப்புப் பெயின்ட்டைப் பேனாக்கத்தியால் சுரண்டினீர்கள். அடியில் சூடுபட்ட நீலம் தெரிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு ஒன்றும் நடக்காதது போல, எந்த நாட்டில் செய்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லி இந்த அறையில் உட்கார வைத்தீர்கள். நான் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கெட்டிக்காரர்.

அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வருஷம் தவறான பயன்பாடு என்று ஊரே சொன்னால் மனிதர் தானும் அப்படித்தான் நம்புவார். கெட்ட கருவியால் ஒரு மனிதர் தன்னையே சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டார் என்பதற்கு அவரே சாட்சி. ஏணிக்கு நடந்தது வருத்தம்தான். முப்பத்தெட்டாம் எண்ணை நான்தான் கொடுத்தேன், என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன், மேலே சங்கிலி இல்லை என்பதையும் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். ஆனால் அவன் பைப் போடாமல், கையால் ஒழுங்காக இழுத்தே அது உடைந்தது. அதை உங்கள் அறிக்கையில் விட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒரே ஒரு திருத்தம். வீட்டில் அவர் கேட்டபோது மூன்று என்று சொன்னேன். அரசாங்கத்துக்கு எழுதும்போது உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். காய்ச்சியது நாலு. நாலாவது நாற்பத்து நாலாம் எண், இப்போதும் ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. காலையிலிருந்து எனக்குப் பதிலாகப் பேக்கிங் பிரிவுப் பெண் உட்கார்ந்து கருவி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் யாராவது வாங்கிக்கொண்டு போயிருக்கக்கூடும். தயவுசெய்து ஆள் அனுப்பிப் பிடுங்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் தற்செயல் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பதின்மூன்று வரட்டும்.